பதினொன்றாவது பேனல்

தெப்ராவ்,
14 ஜூலை 2025

சுகு,

நேற்று மாலை உன் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். செனாயிலிருந்து இங்கே வர அரை மணி நேரம்கூட ஆகாது, தெரியும். ஆனாலும் வராதே. வந்தால் எதையாவது சொல்லி என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு அது நன்றாக வரும்.

நேற்று நானும் பிரவீனாவும் உங்கள் வானியல் சங்கத்தின் கண்காட்சிக்குப் போயிருந்தோம். நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள்தான் இன்ஸ்டாகிராமில் பார்த்துவிட்டு, "அம்மா, மாமா எடுத்த படத்த மால்ல பெருசா வெச்சிருக்காங்க, போலாம் வாங்க" என்றாள். தீபாவளிக்குத் தைத்த பஞ்சாபி சூட்டைப் போட்டுக்கொண்டு போனேன். படம் பாதிச் சுவரை அடைத்துக்கொண்டிருந்தது. சிவப்பும் நீலமுமாக, நூல் பிரிந்த துணியைப் பரப்பி வைத்தது போல. என்னவென்று புரியாவிட்டாலும் நின்று பார்க்கத் தோன்றியது. பக்கத்தில் நின்ற சீனப் பெண்மணியிடம் "மை பிரதர்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பிறகு கீழே இருந்த அட்டையைப் படித்தேன். பள்ளி அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷம் கிராணியாக, கோப்புகளோடே இருப்பவள். எந்தத் தாளையும் கடைசி வரி வரைக்கும் படித்துத்தான் பழக்கம். எந்த லென்ஸ், எந்த கேமரா, எல்லாம் போட்டிருந்தது. இடம்: பாலோ. அதற்குக் கீழே பன்னிரண்டு பேனல், ஒவ்வொன்றையும் எடுத்த தேதி.

பேனல் 11: 9 மார்ச் 2024.

நம் வீரமுத்து அண்ணன் இறந்த நாள்.

அண்ணனுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். செவ்வாயும் வியாழனும் மையத்து வேன் வரும். சனிக்கிழமை வேன் கிடையாது என்பதால் ஒரு சனி நான், ஒரு சனி நீ என்று குளுவாங்கில் அண்ணன் வீட்டுக்குப் போய், அவரை மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வந்து, ராத்திரி அங்கேயே தங்குவோம். அந்தச் சனிக்கிழமை உன்னுடையது. வியாழக்கிழமை நீ போன் செய்து, "அக்கா, ஃபேக்டரி ஷட்டவுன், சனிக்கிழம முழுக்க மெயின்டனன்ஸ், இந்த வாரம் நீங்க பாத்துக்கிறீங்களா?" என்றாய். நான் போனேன். டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ஐந்து மணிக்கு உன்னைக் கூப்பிட்டேன். "மறுபடி உள்ள போறேன்க்கா, ராத்திரியும் வேல, போன லாக்கர்ல வெக்கணும், காலைல நேரா வந்துடுறேன்" என்றாய். அன்று இரவு பதினொன்று நாற்பதுக்கு அண்ணன் போய்விட்டார்.

காரியத்துக்கு வந்தவர்கள் "தம்பி கடைசி நேரத்துல இல்லயாமே" என்று கேட்டபோதெல்லாம், வேலைக்குப் போனவன் என்ன செய்வான் என்று உனக்காகப் பதில் சொன்னவள் நான்.

ஒரே கேள்வி. அன்றைக்கு நீ செனாய் ஃபேக்டரியில் இருந்தாயா, பாலோவில் இருந்தாயா?

பிரேமலா

*

செனாய்,
20 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கண்காட்சிக்கு உங்களைக் கூப்பிடாதது என் தப்புதான். நீங்கள் வேலை முடிந்து களைத்து வருகிறவர், ஜொகூர் பாருவில் வண்டி நிறுத்த இடம் தேடி அலைய வேண்டாமே என்று நினைத்தேன். பிரவீனாவிடமாவது சொல்லியிருக்கலாம்.

அந்த அட்டையை அடித்தது சங்கச் செயலாளர் ஜெயபாலன். நான் கொடுத்த பட்டியலைப் பார்த்து அடித்தார். அந்தப் பட்டியல் கம்ப்யூட்டரிலிருந்து வந்தது. வெளியே எடுத்துப் போகிற லேப்டாப் பழசு, அதன் கடிகாரம் சில சமயம் தவறாகக் காட்டும். ஒரு நாள் இரண்டு நாள் முன்பின் ஆகியிருக்கலாம். அன்றைக்கு ஃபேக்டரியில் ஷட்டவுன் நடந்தது உங்களுக்கே தெரியும்.

அந்தப் படம் என்னவென்று நான் உங்களுக்கு ஒருநாளும் விளக்கிச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் ஏன் இதிலேயே கிடந்தேன் என்று புரிந்திருக்கும். தெற்கு வானத்தில் வேலா என்று ஒரு விண்மீன் கூட்டம். அங்கே பதினோராயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் வெடித்தது. அதன் மிச்சம்தான் அந்த நூல் நூலான புகை. கையை நீட்டி விரல்களை மடக்கிப் பிடித்தால் எவ்வளவு வானம் மறையுமோ, கிட்டத்தட்ட அவ்வளவு பெரியது, ஆனால் வெறும் கண்ணுக்குத் தெரியாது. என் கேமராவுக்குள் ஒரே தடவையில் அடங்காது. அதனால் பன்னிரண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டு, ஒரு துண்டுக்கு ஒரு இரவு என்று எடுக்க வேண்டும். அதைத்தான் பேனல் என்கிறோம். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது நாலு மணி நேரம். ஐந்து ஐந்து நிமிடப் படமாக எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தால்தான் அந்தப் புகை வெளியே வரும். பிறகு பன்னிரண்டையும் ஓரம் தெரியாமல் ஒட்ட வேண்டும். ஒரு இரவில் வானம் கொஞ்சம் வெளுத்திருந்தாலும் அந்தத் துண்டு மட்டும் ஒட்டுப்போட்டது போலத் தனியாகத் தெரியும். அதைச் சரிசெய்யவே மாதக்கணக்கில் உட்கார்ந்தேன்.

தேதியைப் பற்றி ஜெயபாலனிடம் கேட்டு எழுதுகிறேன். போனைத் திறந்துவிடுங்கள், அக்கா. இதையெல்லாம் எழுதிக்கொண்டிருப்பது கஷ்டமாக இருக்கிறது.

உங்கள் தம்பி,
சுகுமாறன்

*

தெப்ராவ்,
29 ஜூலை 2025

சுகு,

ஒரு கேள்வி கேட்டேன். வெடித்த நட்சத்திரத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். ஆமாம் என்றும் இல்லை என்றும் எங்கேயும் எழுதவில்லை.

ஜெயபாலனிடம் நீ கேட்க வேண்டாம். நானே கேட்டுவிட்டேன். கண்காட்சியின் கடைசி நாள் நான் மட்டும் மறுபடி போனேன். உன் அக்கா என்றதும் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். நல்ல மனிதர். என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே சொன்னார். "பதினொன்னாவது பேனல்தான் அக்கா இந்தப் படத்துக்கே உயிரு. அன்னிக்கி மாதிரி வானம் ரெண்டு வருஷமா கெடைக்கல. எனக்குக் காய்ச்சல், போக முடியல. சுகு தனியா பாலோ போய் எடுத்தாரு" என்றார். லேப்டாப் கடிகாரத்தைப் பற்றிக் கேட்டேன். அது இன்டர்நெட்டிலிருந்து நேரம் எடுத்துக்கொள்ளும், தப்பாது என்றார்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தேன். அன்று ராத்திரி பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது உன்னைக் கூப்பிட்டேன். லாக்கரில் இருக்க வேண்டிய போனை உடனே எடுத்தாய். பிரேக்கில் இருந்தேன் என்றாய். பன்னிரண்டரைக்கெல்லாம் வார்டு வாசலில் நின்றாய். செனாயிலிருந்து குளுவாங்குக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பாலோவிலிருந்துதான் நாற்பது நிமிடம். அழுதுகொண்டு வேகமாக ஓட்டி வந்திருப்பான் என்று உன்னை நினைத்து அப்போதும் பாவப்பட்டேன். உன் காலணி முழுக்கச் செம்மண். பார்த்தேன். அந்த நேரத்தில் யார் அதையெல்லாம் யோசிப்பார்கள்? விடியற்காலையில், அண்ணனுக்கு வேஷ்டி துண்டு வாங்கி வருகிறேன் என்று போனாய். எந்தக் கடை அந்த நேரத்தில் திறந்திருக்கும்?

இன்னொன்று. பன்னிரண்டாவது பேனலின் தேதி 28 பிப்ரவரி 2025. அண்ணன் போனது மாசி அமாவாசையில். முதல் திதி இந்த வருஷம் பிப்ரவரி 27. கோயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் விட்டாய். மறுநாளே போய் மிச்சத்தை எடுத்திருக்கிறாய்.

இரவு பத்து மணிக்கு நீ எங்கே இருந்தாய் என்று எனக்குத் தெரிய வேண்டும். பத்து மணிக்கு. முழுவதையும் எழுதுவதாக இருந்தால் எழுது. இல்லையென்றால் ஸ்டாம்பை வீணாக்காதே.

பிரேமலா

*

செனாய்,
10 ஆகஸ்ட் 2025

அக்கா,

பாலோவில் இருந்தேன்.

இந்த வரியை எழுத இவ்வளவு நாள் ஆயிற்று. மற்றதையும் எழுதுகிறேன். இடையில் நிறுத்தினால் திரும்ப எழுத உட்கார மாட்டேன் என்று தெரியும்.

ஷட்டவுன் நடந்தது உண்மை. அந்த வாரப் பட்டியலில் என் பெயர் இல்லை. வியாழக்கிழமை வானிலைப் படம் பார்த்தேன். மத்திய ஜொகூர் முழுக்க ஒரு மேகம் இல்லை. அமாவாசை வேறு. வேலா சரியான உயரத்தில் வருவது வருஷத்தில் சில மாதங்கள்தான். டிசம்பரும் ஜனவரியும் மழையில் போய்விடும், மார்ச் முடிந்தால் சாயங்கால மழை ஆரம்பித்துவிடும். எனக்கு ஒரு வருஷத்தில் கிடைக்கும் நல்ல இரவு நாலோ ஐந்தோ. பத்துப் பேனல் முடித்து, மீதி இரண்டுக்காகக் காத்திருந்தேன். உங்களிடம் உண்மையைச் சொல்லிச் சனிக்கிழமையை மாற்றிக் கேட்டிருக்கலாம். நீங்கள் சரி என்றுதான் சொல்லியிருப்பீர்கள். ஆனால் "படம் எடுக்கவா?" என்று ஒரு தடவை கேட்டிருப்பீர்கள். அந்தக் கேள்வியை உங்கள் வாயிலிருந்து கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. வேலை என்றால் யாரும் கேட்க மாட்டார்கள்.

எனக்கு அலுத்துப் போயிருந்தது, அக்கா. இதை யாரிடமும் சொன்னதில்லை. அண்ணனைக் கூட்டிப் போவது, நாலு மணி நேரம் மையத்து ஏசிக் குளிரில் உட்கார்ந்திருப்பது, ராத்திரி கால் பிடித்துக்கொண்டால் நீவி விடுவது. அவர் ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை, நான் சுளித்தேன். என் படத்தையெல்லாம் போனில் காட்டினால், "இதுல ஒரு மனுஷனயும் காணோமேடா" என்பார். சிரிப்பேன். உள்ளே கோபம் வரும். ஒரே ஒரு சனிக்கிழமை யாருக்கும் இல்லாமல் எனக்கு மட்டும் வேண்டும் என்று இருந்தது.

ஐந்து மணிக்கு நீங்கள் கூப்பிட்டபோது செம்பனைத் தோட்டத்து மண் சாலையில் காரை நிறுத்தி, முக்காலியை இறக்கிக்கொண்டிருந்தேன். லாக்கர் என்பது தானாக வாயில் வந்தது. டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை, ஒரு ராத்திரி வைத்துப் பார்க்கலாம் என்றார் என்று நீங்கள் சொன்னீர்கள். அதை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஏழரைக்கு, இருட்டும்போது, போய்விடலாமா என்று ஒருமுறை தோன்றியது. முக்காலியின் திருகு ஒன்றைத் தளர்த்தவும் செய்தேன். அப்போது தெற்கே முதல் நட்சத்திரங்கள் வந்தன. மினுங்காமல், அசையாமல் நின்றன, வானத்தில் அவ்வளவு ஈரமில்லை. திருகை மறுபடி முறுக்கிவிட்டேன்.

பத்து மணிக்கு எங்கே இருந்தாய் என்று கேட்டிருக்கிறீர்கள். காரின் பின்கதவைத் திறந்து வைத்து, அதில் உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போன் என் தொடைமேல் இருந்தது. கேமரா சரியாக நட்சத்திரத்தைப் பின்தொடர்கிறதா என்று அதில்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைக் காட்டும் கோடு திரையில் ஆடாமல் அசையாமல் போய்க்கொண்டிருந்தது. சந்தோஷமாக இருந்தேன், அக்கா. அன்றைக்குப் பத்து மணிக்கு நான் இருந்ததுபோல் சந்தோஷமாக அதற்கு முன்பும் இருந்ததில்லை, பிறகும் இல்லை.

உங்கள் போன் வந்ததும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வந்தேன். எதையும் நிறுத்தவில்லை. நான் அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் கேமரா அங்கே தனியாகப் படம் எடுத்துக்கொண்டே இருந்தது. விடிவதற்குள் போய்ச் சாமானை எடுத்து வந்தேன். வேஷ்டி துண்டு பிறகு குளுவாங்கில்தான் வாங்கினேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. கருமாதி முடிந்து பத்து நாள் கழித்து அந்த இரவின் படங்களைத் திறந்தேன். அழித்துவிடத்தான் திறந்தேன். ஒவ்வொரு படத்திலும் எடுத்த நேரம் இருக்கும். பதினொன்று முப்பத்தெட்டுக்கு ஆரம்பித்துப் பதினொன்று நாற்பத்து மூன்றுக்கு முடிந்த படம் ஒன்று இருந்தது. அண்ணன் போன நேரம் அதற்குள். அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதுதான் கூர்மையாக இருந்தது. அழிக்கவில்லை. சேர்த்துக்கொண்டேன். நீங்கள் பார்த்த பெரிய படத்தில், இடது பக்கம் கீழே, அது இருக்கிறது. மற்றப் பேனல்களின் நிறத்தையெல்லாம் இந்தப் பேனலோடு ஒப்பிட்டுத்தான் சரிசெய்தேன். எட்டு மாதம் தினமும் அதைப் பார்த்தேன்.

அட்டைக்கான பட்டியலைக் கொடுத்தபோது அந்தத் தேதியைப் பத்தாம் தேதி என்று மாற்ற ஒரு நொடி போதும். யாருக்கும் தெரிந்திருக்காது. மாற்ற மனம் வரவில்லை. நீங்கள் எதையும் கடைசி வரி வரை படிப்பவர் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உங்களைக் கூப்பிடவில்லை. அதனால்தான் மாற்றவும் இல்லை. இரண்டும் எப்படி ஒரே ஆளுக்குள் இருந்தது என்று எனக்கே விளங்கவில்லை.

முதல் கடிதத்துக்கு நான் எழுதிய பதிலில் கடிகாரம் என்று சொன்னது பொய். அதற்கும் மன்னிப்புக் கேட்கிறேன், அது சின்னதுதான் என்றாலும்.

படத்தைச் சங்கத்திலிருந்து திரும்ப வாங்கிவிட்டேன். அடுத்த மாதம் குளுவாங்கில் வைப்பதாக இருந்தார்கள். வேண்டாம் என்றுவிட்டேன்.

சுகுமாறன்

*

தெப்ராவ்,
21 செப்டம்பர் 2025

சுகு,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்தேன். மூன்றிலும் உன்னைத் திட்டியிருந்தேன். திட்ட நிறைய இருந்தது, அதில் குறையில்லை. ஆனால் எழுத எழுத எனக்கே என்னைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

பத்து மணி, பத்து மணி என்று உன்னைத் துளைத்தேன். ஏன் பத்து மணி என்று நீ திருப்பிக் கேட்கவில்லை.

அன்றைக்குப் பத்து மணிக்கு அண்ணன் கண் விழித்தார். ஆக்சிஜன் மாஸ்க்கை நகர்த்திவிட்டு, "பிரேமா, சுகு எங்க?" என்றார்.

"ஷிஃப்ட்டு அண்ணே. காலைல வந்துடுவான்."

"ஒரு போன் போட்டுப் பாரேன்."

"போன் லாக்கர்ல இருக்கும். எடுக்க மாட்டான்."

அண்ணன் வாசல் பக்கம் பார்த்தார். பிறகு, "சரி விடு, வேலைக்குப் போனவன தொல்ல பண்ணாத" என்றார். தண்ணீர் கேட்டார். டாக்டர் சொன்ன அளவு, வாய் நனையக் கொடுத்தேன். மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு பேசவில்லை.

இதுவரைக்கும் நீ செய்ததுதான். நீ பொய் சொன்னாய், நான் அதை அண்ணனிடம் சொன்னேன். ஆனால் அதோடு முடியவில்லை. அண்ணனுக்கு டயாலிசிஸ் தொடங்கிய வாரம் நீ எனக்கு ஒரு நம்பர் கொடுத்தாய். உங்கள் ஃபேக்டரி வாசலில் இருக்கும் காவலாளி அறை, கார்டு ஹவுஸ் நம்பர். "போன் எங்கிட்ட இல்லன்னா இதுக்கு அடிங்கக்கா, ஆள் வந்து கூப்பிடுவான்" என்றாய். அது என் போனில் இருந்தது. அன்றைக்கும் இருந்தது. ஞாபகமும் வந்தது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் யாரும் நம்புவார்கள். மறக்கவில்லை.

அடித்திருந்தால் நீ ஷிஃப்டில் இல்லை என்று சொல்லியிருப்பார்கள். நான் உடனே உன் போனுக்கு அடித்திருப்பேன். அது உன் தொடைமேல் இருந்தது. முப்பத்தைந்து, நாற்பது நிமிடத்தில் வந்திருப்பாய். அண்ணன் அதற்குப் பிறகும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருந்தார்.

ஏன் அடிக்கவில்லை என்று நானே என்னைக் கேட்காத நாள் கிடையாது. களைப்பு என்று சொல்லிக்கொண்டேன். டாக்டர் பயமில்லை என்றார் என்று சொல்லிக்கொண்டேன். நீ பிடித்துக்கொண்ட அதே வார்த்தை. உண்மை வேறு. அண்ணனுக்கு உன்மேல்தான் பிரியம் ஜாஸ்தி. நான் போகிற சனிக்கிழமைகளில் எல்லாம், "அடுத்த வாரம் சுகு வருவான்" என்பார். எனக்கு முன்னாலேயே சொல்வார். ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கும்போதும் உன்னைத்தான் கேட்டார். தெரிஞ்சுக்கட்டும், யார் பக்கத்துல இருக்காங்கன்னு தெரிஞ்சுக்கட்டும் என்று எனக்குத் தோன்றியது. அவ்வளவுதான். போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

பதினெட்டு மாதம் இதை வைத்துக்கொண்டு இருந்தேன். சொந்தக்காரர்களிடம் உனக்காகப் பேசினேன் என்று முதல் கடிதத்தில் பெருமையாக எழுதியிருந்தேன் இல்லையா, அது உனக்காக இல்லை. பேச்சு அந்தப் பக்கமே போகக்கூடாது என்பதற்காக.

மாலில் அந்த அட்டையைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம் என்று நீ நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் காட்டிக்கொண்டேன். முதலில் வந்தது நிம்மதி. இவன் பொய் சொல்லியிருக்கிறான், அப்படியானால் எல்லாம் இவனால்தான் என்று உடம்பே லேசானது. பிரவீனா, "ஏம்மா சிரிக்கிறீங்க?" என்று கேட்டாள். சிரித்திருக்கிறேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று இதற்கு அர்த்தம் இல்லை. நீ சொன்ன பொய் பொய்தான். ஆனால் நான் உன் நீதிபதி போலக் கேள்வி கேட்டு எழுதிய இரண்டு கடிதத்தையும் கிழித்துப் போட்டுவிடு.

அக்கா

*

செனாய்,
22 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் உங்கள்மேல் கோபமாக இருந்தேன். நான் வந்திருப்பேனே, அவர் என்னைக் கேட்டாரே என்று வேலையிடத்தில்கூடத் தனியாகப் பேசிக்கொண்டிருந்தேன். அந்த மூன்று நாளும் நன்றாகத் தூங்கினேன் என்று நாலாம் நாள்தான் கவனித்தேன். மாலில் உங்களுக்கு வந்த நிம்மதி என்னவென்று அப்போது புரிந்தது. அது நிலைக்கவில்லை. உங்களுக்கும் நிலைத்திருக்காது.

அவர் என்னைக் கேட்டார் என்பது எனக்குத் தெரியாது. நீங்கள் சொல்லாமலே இருந்திருக்கலாம். தெரியாமல் இருந்தது நல்லதா, தெரிந்தது நல்லதா என்று யோசித்துப் பார்த்தேன். தெரிந்ததுதான் என்று இப்போதைக்குத் தோன்றுகிறது. சில நாள் காலையில் அப்படித் தோன்றவில்லை.

கடிதங்களைக் கிழிக்கவில்லை. நீங்கள் கேட்டது சரியான கேள்விதான்.

போன வாரம் சங்கக் கூட்டத்தில் படத்தை ஏன் திரும்ப வாங்கினீர்கள் என்று ஜெயபாலன் எல்லார் முன்னாலும் கேட்டார். ஃபிரேம் உடைந்துவிட்டது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டு, அது என் அண்ணன் இறந்த இரவு எடுத்தது, வீட்டில் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு எடுத்தது என்றேன். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் எழுந்து விசிறியின் வேகத்தைக் குறைத்தார். ஜெயபாலன் அப்புறம் கார் வரைக்கும் கூடவே வந்து, தான் உங்களிடம் பேசியதுதான் இதற்கெல்லாம் காரணமா என்று கேட்டார். இல்லை என்றேன். அவருக்கு ஒரு வார்த்தை நீங்களும் சொன்னால் நல்லது. ரொம்பக் கலங்கிப்போயிருக்கிறார்.

திதிக்கு மறுநாளே நான் போனதை எழுதியிருந்தீர்கள். பதில் எழுதாமல் விட்டிருந்தேன். வானம் தெளிவாக இருந்தது என்பதற்காகத்தான் போனேன். வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது. அங்கே நின்றபோது அழுதேன், அழுதுகொண்டே படத்தை எடுத்து முடித்தேன். இதை நல்லபடியாக மாற்றிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

தீபாவளி அன்று பிரவீனா வந்து முறுக்கும் நெய் உருண்டையும் கொடுத்துவிட்டுப் போனாள். நீங்கள் அனுப்பியதா, அவளாகக் கொண்டுவந்ததா என்று நான் கேட்கவில்லை.

அக்கா, எழுதுவதில் எனக்கு இனிமேல் சொல்ல எதுவும் மிச்சமில்லை. ஆனால் நேரில் சொல்ல இருக்கிறது என்று தோன்றுகிறது. சனிக்கிழமை நான் வரட்டுமா? படத்தையும் கொண்டுவருகிறேன். அதை என்ன செய்வது என்று நீங்கள் சொன்னால் செய்கிறேன்.

உங்கள் தம்பி,
சுகு

*

தெப்ராவ்,
28 அக்டோபர் 2025

சுகு,

ஜெயபாலனிடம் பேசிவிட்டேன். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொன்னேன். அவர் உன்னைப் பற்றித்தான் விசாரித்தார்.

முறுக்கு நான்தான் சுட்டேன். கொண்டுபோனது அவள் இஷ்டம்.

படத்தைக் கொண்டுவராதே. என்னால் இன்னும் அதைப் பார்க்க முடியாது. அதை அழிக்கவும் வேண்டாம், தேதியை மாற்றவும் வேண்டாம். உன் வீட்டிலேயே இருக்கட்டும். பார்க்க முடிகிற அன்றைக்கு நானே கேட்கிறேன். கேட்காமலும் போகலாம்.

சனிக்கிழமை வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வா, நவம்பர் இரண்டு. மத்தியானச் சாப்பாட்டுக்கு வராதே. சாப்பாடு போட்டால் நான் பரிமாறிக்கொண்டே இருப்பேன், நீ நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவாய், இரண்டு பேரும் ஒன்றும் பேச மாட்டோம். நாலு மணிக்கு வா. தேநீர் மட்டும் போடுகிறேன்.

அக்கா